கருப்பு முக்காடு, பாம்புக் கண்ணாடி, முடிச்சுக் கயிறு: 17ஆம் நூற்றாண்டுச் சீமாட்டி படத்தை எப்படிப் படிப்பது?

கொழிஞ்சை வாசகசாலை கேட்டது:

வணக்கம். எங்கள் வாசகசாலைக்கு ஒருவர் பழைய ஐரோப்பியப் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடையில் வாங்கியது. ஓணத்துக்குள் சுவரில் மாட்டி, பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சின்ன விளக்க அட்டை வைக்க வேண்டும். அதில் என்ன எழுதலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கருப்பு மை மட்டும். தகடு அழுத்திய பள்ளம் மூன்று பக்கம் தெரிகிறது, கீழ்ப்பக்கம் வெட்டிவிட்டார்கள். அகலம் 23 செ.மீ., இருக்கிற உயரம் 30 செ.மீ. நடுவில் நீள்வட்டச் சட்டம், அதற்குள் மார்பளவில் ஒரு பெண். தலையில் கருப்பு முக்காடு, நெற்றி நடுவில் கூராக இறங்குகிறது. கழுத்தில் ஒற்றைச் சரம் முத்து, காதில் சொட்டு முத்து, ஒரு கை மார்பின் மேல். நீள்வட்டத்தில் 'ஏத்தாத்திஸ் சுவே' என்று லத்தீன் எழுத்து, ரோமன் எண்ணில் 43. மேலே இடது மூலையில் இறக்கை வைத்த குழந்தை ஒன்று கைக்கண்ணாடி பிடித்திருக்கிறது, கண்ணாடியின் பிடியில் பாம்பு சுற்றியிருக்கிறது. வலது மூலையில் இன்னொரு குழந்தை தீவட்டியைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி அணைக்கிறது. உச்சியில் திரைச்சீலை. கீழே பீடத்தில் சாய்சதுரமாக ஒரு கேடயம், நடுவில் செங்குத்தாகப் பிரித்தது, சுற்றிலும் முடிச்சு முடிச்சாகக் கயிறு, மேலே கிரீடம். அதற்குக் கீழே பெயர் இருந்திருக்க வேண்டும், அந்த வரி போய்விட்டது.

கொடுத்தவர் சொல்வது: முத்து என்றால் தூய்மை, கண்ணாடி என்றால் கர்வம், பாம்பு என்றால் பாவம். ஆகவே இவள் திருந்திய பாவி. இன்னொன்றும் சொல்கிறார், டச்சுக்காரர் காலத்தில் கொச்சிக்குக் கப்பலில் வந்த படம் என்று. இரண்டையும் அட்டையில் போடலாமா?

மைத்தடம்:

இரண்டையும் போடாதீர்கள். டச்சுக்காரர் 1663இல் கொச்சியைப் பிடித்தது உண்மை. அதை வைத்து அந்தத் தெருவில் இருக்கிற ஒவ்வொரு பழைய படத்துக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. காகிதத்தின் பின்னால் பழைய உரிமையாளர் முத்திரையோ கையெழுத்தோ இல்லாதவரை அது விற்கிறவர் பேச்சு, அவ்வளவுதான்.

இனி சின்னங்கள். முத்தில் தொடங்கினால் தடம் மாறிவிடும். இப்படிப்பட்ட படத்தை மூன்று இடமாகப் பிரித்துப் பாருங்கள். அவள் உடம்பில் இருப்பது ஒன்று, சட்டத்தைச் சுற்றி இருப்பது ஒன்று, பீடத்தில் இருப்பது ஒன்று. உடம்பில் இருப்பது பெரும்பாலும் அந்தக் காலத்து உடுத்தும் வழக்கம். சட்டத்தில் இருப்பது யோசித்துச் சொன்ன சேதி. பீடத்தில் இருப்பது அடையாள விவரம். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். சின்ன அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தால் எந்தப் பெண்ணையும் புனிதவதியாக்கலாம், பாவியும் ஆக்கலாம்.

முத்து: 17ஆம் நூற்றாண்டுச் சீமாட்டி படங்களில் முத்து இல்லாததைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கழுத்தில் ஒரு சரம், காதில் ஒரு சொட்டு என்பது கிட்டத்தட்டச் சீருடை. கன்னிமைக்கும் அதைச் சொன்னார்கள், கடலில் பிறந்த காதல் தேவி வீனஸுக்கும் அதையே சொன்னார்கள். இரண்டு எதிர்ப் பொருளுக்கும் ஒத்துப்போகிற நகையை வைத்து ஒருத்தியின் குணத்தைச் சொல்ல முடியாது. செல்வத்துக்கும் அது சாட்சியில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில் கண்ணாடி மணிக்குள் மீன் செதில் பூச்சை ஊற்றிப் போலி முத்து செய்துகொண்டிருந்தார்கள், செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட இப்படிப்பட்ட பொறிப்பில் எது மன்னார் வளைகுடா முத்து, எது செதில் என்று யாராலும் பிரிக்க முடியாது. துக்கத்தில் இருப்பவள் வண்ணக் கற்களைக் கழற்றி வைப்பாள், முத்துக்குத் தடை கிடையாது. ஆகவே கருப்பு முக்காட்டோடு முத்து வந்தால் முரண்பாடு என்று நினைக்க வேண்டாம்.

முக்காடு: நெற்றியில் கூராக இறங்கும் கருப்புத் தலைத்துணி விதவைக் கோலம். பிரெஞ்சு அரசி ஆஸ்திரியாவின் ஆன் 1643இல் கணவர் 13ஆம் லூயியை இழந்தவர். ஆரஞ்சு வம்சத்து அமாலியா வான் சோல்ம்ஸ் 1647இல் விதவையானவர். இவர்களுடைய பிற்காலப் படங்களை வலையில் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், துணியின் வெட்டு புரியும். ஆனால் முக்காடு ஒன்றே போதாது, வயதான பெண்களும் பக்தி மிகுந்தவர்களும் கருப்பு உடுத்தியிருக்கிறார்கள். உறுதி செய்வது பீடத்துக் கயிறுதான். அதை எல்லைக்கல் வந்து சொல்லட்டும், குலக்கேடயம் அவருடைய துறை.

கண்ணாடியும் பாம்பும்: இதைப் பிரித்துப் படிக்கவே கூடாது. கையில் வேல், பக்கத்தில் மயில் என்றால் நாம் முருகன் என்போமே தவிர, வேல் தனி, மயில் தனி என்று பொருள் சொல்ல மாட்டோம். அங்கேயும் அப்படித்தான். பாம்பு சுற்றிய கண்ணாடி விவேகம் என்னும் நற்குணத்தின் அடையாளம். செசாரே ரீப்பா 1593இல் வெளியிட்ட உருவக அகராதிதான் இந்த விஷயத்தில் ஓவியர்களுக்குக் கைநூல். முதல் பதிப்பில் படம் கிடையாது, 1603 ரோம் பதிப்பில்தான் படம் வந்தது, அதற்குப் பிறகு பல மொழிகளில் பரவியது. அதில் விவேகத்துக்கு இரண்டு முகம், கையில் கண்ணாடி, கூடவே பாம்பு. கண்ணாடி தன்னை அறிய, இரண்டு முகம் முன்னும் பின்னும் பார்க்க. பாம்பு மத்தேயு 10:16இல் இருந்து வருகிறது, 'பாம்புகளைப் போல விவேகமாக இருங்கள்' என்ற அதே வசனம்.

விதவையின் படத்தில் விவேகம் வருவது வெறும் புகழ்ச்சிக்காகவும் இல்லை. கணவன் இருக்கும்வரை சொத்து அவன் கையில். அவன் போனபின் மகன் மைனராக இருந்தால் எஸ்டேட், குத்தகை, வழக்கு எல்லாம் தாய் தலையில். ஆன் அரசியே 1643 முதல் 1651 வரை மகனுக்காக ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். 'நிர்வாகம் செய்யத் தகுதி உள்ளவள்' என்று சட்டத்தின் மூலையில் அறிவிக்கிறார்கள். உங்கள் அட்டையில் எழுத வேண்டிய முக்கியமான வரி இதுதான் என்பேன்.

தலைகீழ்த் தீவட்டி: அணைந்த உயிர். ரோமானியக் கல் சவப்பெட்டிகளில் இறக்கைக் குழந்தைகள் இப்படிப் பிடித்து நிற்கும், அங்கிருந்து எடுத்தது. திருமணத் தேவனின் கையிலும் தீவட்டி இருப்பதால், அணைக்கிற தீவட்டி முடிந்துபோன மணவாழ்வையும் சேர்த்தே சொல்லும்.

திரைச்சீலைக்குப் பெரிய பொருள் தேட வேண்டாம். அந்தஸ்து காட்ட எல்லோரும் தொங்கவிட்டது.

ஒன்று மட்டும் சரிபாருங்கள். பதிப்பாளர்கள் சட்டத்துக்கு ஒரு தகடு, நடு உருவத்துக்கு வேறு தகடு வைத்து, ஒரே சட்டத்தில் பல பேரை அச்சடித்ததுண்டு. அப்படியானால் மூலைக் குழந்தைகள் இவளுக்காக வரைந்தவை என்று சொல்ல முடியாமல் போகும். நீள்வட்டத்தின் ஓரத்தில் இரண்டாவது பள்ளம் இருக்கிறதா என்று விரல் நுனியால் தொடாமல், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டில் முகத்தையே மாற்றிய ஆட்களும் உண்டு. பியேர் லொம்பார் பொறித்த குதிரைவீரன் தகட்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலையும் அவருடைய எதிரி குரோம்வெல்லின் தலையும் மாறி மாறி ஏறியிருக்கின்றன. குதிரை அதேதான்.

எல்லைக்கல்:

மைத்தடம் சொன்ன வரிசை சரி. கேடயத்துக்கு வருகிறேன்.

ஆண்களின் கேடயம் போர்க்கேடய வடிவில் இருக்கும். பெண் போருக்குப் போகாதவள் என்பதால் அவளுக்குச் சாய்சதுரம். கன்னிப்பெண்ணுக்கும் அதுவே, பல நாடுகளில் விதவைக்கும் அதுவே. பிரித்தறிய இரண்டு தடயம். ஒன்று, உள்ளே ஒரே குலச்சின்னம் மட்டும் இருந்தால் தந்தை வீடு, அதாவது பெரும்பாலும் மணமாகாதவள். செங்குத்தாகப் பிரித்து இரண்டு சின்னம் இருந்தால் மணமானவள் அல்லது விதவை. பார்க்கிற நமக்கு இடப்பக்கம் கணவன் வீடு, வலப்பக்கம் தந்தை வீடு. இரண்டாவது, சுற்றி வரும் கயிறு. முடிச்சுப் போட்ட கயிறு பிரெஞ்சு வழக்கத்தில் விதவையின் அடையாளம், அதன் செல்வாக்கு இருந்த பக்கத்து நாடுகளிலும் பார்க்கலாம்.

இங்கே ஆட்கள் வழக்கமாகச் சறுக்குவது கயிற்றில்தான். மூன்று பொருளைக் குழப்பிக்கொள்வார்கள். முடிச்சுகளுக்கு நடுவில் கயிறு வளைந்து வளைந்து, முடிச்சு எட்டு வடிவில் தெரிந்தால் அது விதவைக் கயிறு. உருண்டை மணிகள் நெருக்கமாகக் கோத்து அடியில் சிலுவை தொங்கினால் ஜெபமாலை, கேடயத்துக்குப் பின்னால் வளைந்த தலையுள்ள கோலும் நின்றால் அவள் மடத்துத் தலைவி. மேலே அகன்ற தொப்பி, அதிலிருந்து இரண்டு பக்கமும் குஞ்சம் இறங்கினால் திருச்சபை ஆண், பெண்ணே இல்லை.

கிரீடம்: பிரெஞ்சு முறையில் முன்பக்கம் இலை மட்டும் ஐந்து தெரிந்தால் (ஓரத்து இரண்டும் பாதி) டியூக். இலையும், மும்மூன்று முத்துக் கொத்தும் மாறி மாறி வந்தால் அதற்கு அடுத்த நிலைப் பிரபுவான மார்க்கி. முத்து மட்டும் வரிசையாக ஒன்பது தெரிந்தால் அதற்கும் கீழே கவுண்ட். ஆனால் கிரீடத்தை நம்பிப் பட்டம் எழுதாதீர்கள். தகுதிக்கு ஒரு படி மேலான கிரீடத்தைச் சூட்டிக்கொள்வது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம்.

இனி நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டியது கேடயத்துக்குள் இருக்கும் கோடுகளை. கருப்பு மையில் நிறத்தைக் காட்ட ஒரு முறை இருந்தது, பியெத்ராசாந்தா என்ற இயேசு சபைத் துறவி 1638இல் வெளியிட்ட நூலால் பரவியது. புள்ளி என்றால் பொன். வெறுமை என்றால் வெள்ளி. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் குறுக்கே வந்தால் கருப்பு. நமக்கு மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்குச் சாயும் கோடு பச்சை, மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்குச் சாய்ந்தால் ஊதா.

நகைக்கடை 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி) ஒன்று வாங்கி, இரண்டு பாதியிலும் எந்தக் கோடு, என்ன உருவம், மிருகம் இருந்தால் எந்தப் பக்கம் பார்க்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். அவள் மார்பில் வைத்திருப்பது எந்தக் கை என்பதையும் சொல்லுங்கள், படத்தில் அவளுடைய வலதா இடதா.

சித்தூர் புழை:

ஒரு சந்தேகம். கண்ணாடி கர்வத்துக்கும் பாம்பு ஏவாளுக்கும் சொல்லப்படுவதுதானே? கொடுத்தவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடலாமா?

மைத்தடம்:

கர்வத்தைச் சொல்லும் கண்ணாடிக்குக் கூட்டாளிகள் வேறு: மண்டையோடு, எரிந்து தீரும் மெழுகுவர்த்தி, மணற்கடிகாரம், சிதறிய நகை. பாவத்தின் பாம்பு மரத்தில் சுற்றியிருக்கும், வாயில் பழம் இருக்கும், அல்லது மாதாவின் காலடியில் நசுங்கிக் கிடக்கும். திருந்திய பாவி என்றால் மகதலேனா. அவிழ்ந்த நீளக் கூந்தல், தைலக் குப்பி, கழற்றி எறிந்த முத்துமாலை. இந்தப் படத்தில் கூந்தல் மூடியிருக்கிறது, முத்து கழுத்திலேயே இருக்கிறது. மகதலேனா கோலத்தில் படம் எழுதிக்கொண்ட சீமாட்டிகள் உண்டுதான், ஆனால் அப்போது அந்தப் பொருள்கள் பெண்ணின் கைக்கே வரும், மூலைக் குழந்தைக்குப் போகாது. ஸ்வீடன் அரசி கிறிஸ்டினாவை மினர்வா தேவியாகக் காட்டி ஜெரிமியாஸ் ஃபால்க் 1649இல் பொறித்ததைப் பாருங்கள், தலைக்கவசத்தை அரசியே அணிந்திருப்பார். தேவி வேடம் போடுவது வேறு, நற்குணத்தை ஓரத்தில் வைத்துச் சொல்வது வேறு.

கொழிஞ்சை வாசகசாலை:

நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தோம், நீள்வட்டத்தைச் சுற்றி இரண்டாவது பள்ளம் இல்லை. கயிறு எட்டு வடிவ முடிச்சு, கோல் இல்லை, சிலுவை இல்லை. கிரீடத்தில் நடுவில் முழு இலை, ஓரங்களில் பாதி இலை, இடையில் மும்மூன்று முத்துக் கொத்து.

கேடயத்தின் இடது பாதியில் கிடைக்கோடு, அதன்மேல் பின்னங்காலில் நிற்கும் சிங்கம், உடம்பெல்லாம் புள்ளி, வலப்பக்கம் பார்க்கிறது. வலது பாதியில் மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்குச் சாய்ந்த கோடு, மூன்று நட்சத்திரம், உள்ளே வெறுமை. மார்பில் இருப்பது அவளுடைய இடது கை. அப்படியானால் கணவன் வீடு நீலத்தில் பொற்சிங்கம், தந்தை வீடு ஊதாவில் வெள்ளி நட்சத்திரம் என்று போடலாமா?

எல்லைக்கல்:

நிறுத்துங்கள், இது கண்ணாடி பிம்பம். மூன்று தடயம் ஒரே பக்கம் காட்டுகிறது.

ஊதா நிறம் ஐரோப்பியக் கேடயங்களில் மிக அரிது. ஊதாக் கோடு கண்ணில் பட்டால் முதலில் எழ வேண்டிய சந்தேகம், இது திரும்பிப்போன பச்சை என்பதே. அடுத்தது சிங்கம். கேடயத்து மிருகம் இயல்பாக நமக்கு இடப்பக்கம் பார்க்கும். இங்கே வலம் பார்க்கிறது. சிங்கம் மட்டும் திரும்பியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஜெர்மன் நாடுகளில் மரியாதைக்காகக் கணவன் வீட்டுச் சிங்கத்தை மனைவி பக்கம் திருப்பி வைப்பதுண்டு. கோடும் சேர்ந்து திரும்பியிருப்பதால் அந்தச் சமாதானம் நிற்காது. மூன்றாவது, வலது கையை இடப்பக்க நெஞ்சில் வைப்பதுதான் வழக்கம், இங்கே இடது கை.

எப்படி நடக்கிறது என்றால், தகட்டில் எதைப் பொறித்தாலும் காகிதத்தில் இடம் வலமாக விழும். ஓவியத்தைப் பார்த்து நேராகப் பொறித்தால் உருவம் திரும்பும். நல்ல பொறிப்பாளர் கண்ணாடியில் பார்த்துத் திருப்பிப் பொறிப்பார், அவசரக்காரர் விட்டுவிடுவார். எழுத்தையும் கேடயத்தையும் மட்டும் மூலத் தகடு வெட்டுகிற எவரும் விடமாட்டார், அவை தகட்டில் இடம் வலமாகத் திருப்பியே வெட்டப்படும். நம்ம ஊர்ச் செடிகளைப் பதித்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலின் தகடுகளில் (ஆம்ஸ்டர்டாம், 1678 முதல் 1693 வரை 12 தொகுதி) மலையாள எழுத்தைக்கூட அப்படித் திருப்பி வெட்டித்தான் நேராக விழ வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கை மட்டும் மாறியிருந்தால், ஓவியத்தைத் திருப்பாமல் பொறித்த மூலத் தகடு என்று விட்டிருக்கலாம். கேடயமே திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் இந்த ஆள் ஓவியத்தைப் பார்க்கவில்லை, ஏற்கெனவே அச்சான படத்தை வைத்து இன்னொரு தகட்டில் நகல் எடுத்திருக்கிறார். லத்தீன் எழுத்து திரும்பியிருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் அதை மட்டும் சரிசெய்தார், குலச்சின்னம் தெரியாததால் கேடயத்தை அப்படியே விட்டார். வேறு ஊர்ப் பதிப்பாளர்கள் இப்படி நகல் போட்டு விற்பது அப்போது சகஜம். 'அரச உரிமையுடன்' என்று லத்தீனில் படத்தின் அடியில் பொறிப்பதே இதைத் தடுக்கத்தான், ஆனால் அந்த உரிமை எல்லை தாண்டிச் செல்லாது.

திருப்பிப் படித்தால்: கணவன் வீடு பச்சையில் மூன்று வெள்ளி நட்சத்திரம், தந்தை வீடு நீலத்தில் பொற்சிங்கம். நீங்கள் எழுத இருந்ததற்கு இரண்டு குடும்பமும் இடம் மாறிவிட்டன பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை. தகடு தேய்ந்த பிரதிகளில் முதலில் மறைவது நுண்புள்ளி, பொன் வெள்ளியாகத் தெரியும். நட்சத்திரத்துக்குள் லூப் வைத்து இன்னொரு முறை பாருங்கள், ஒன்றிரண்டு புள்ளியாவது மிஞ்சியிருக்கிறதா என்று.

பெயர் தேட வேண்டுமானால் இந்த இரண்டு விவரத்தையும் சேர்த்தே தேடுங்கள். நீலத்தில் பொற்சிங்கம் வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம், அதை மட்டும் வைத்துப் பெயர் சொன்னால் கட்டாயம் தப்பாகும். பிரிட்டிஷ் மியூசியம், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் இரண்டின் இணையத் தொகுப்பிலும் பொறிப்புப் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். விதவை, நீள்வட்டம், 43 வயது என்று சலித்தால் மூலப்படம் அகப்பட வாய்ப்பு உண்டு. அது அகப்பட்டால் உருவம் இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கும், கண்ணாடிக் குழந்தை வலது மூலையில் இருக்கும். அந்த 43ஐயும் கவனியுங்கள், 'ஏத்தாத்திஸ் சுவே' என்றால் 'தன் வயதின்', 'தன் வயதின் 43ஆம் ஆண்டில்' என்ற கணக்கு அது. 42 முடிந்து 43 நடக்கிறது. பிறந்த ஆண்டை வைத்துச் சரிபார்க்கும்போது ஒன்று உதைக்கும்.

லூப்பு நாகர்கோவில்:

நகல் என்றதும் போலி என்று யாரும் பயந்துவிட வேண்டாம். அந்தக் காலத்து நகலும் அந்தக் காலத்துப் பொருள்தான். 19ஆம் நூற்றாண்டு மறுபதிப்பா, வெறும் ஆஃப்செட் அச்சா என்பதை வேறு வழியில் பார்க்க வேண்டும்.

லூப்பைக் கன்னத்து நிழலில் வையுங்கள். வரிசை வரிசையாக ஒரே இடைவெளியில் புள்ளிக் கட்டம் தெரிந்தால் புத்தகத்திலிருந்து கிழித்தது, பேச்சே வேண்டாம். உளியால் பொறித்ததில் ஒவ்வொரு கோடும் மெல்லிய நுனியில் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும். முகத்தில் சின்னச் சின்னக் கீறல் தட்டுகள், துணியில் குறுக்குக் கோடு, அந்தக் கட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. ரொபேர் நாந்தேய் (1623–1678) பொறித்த முகங்கள் இந்த வேலையின் உச்சம், ஒப்பிட அவரை எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தில் அரித்த கோடு முழு நீளமும் ஒரே தடிமனாக, முனை மழுங்கி நிற்கும். இரண்டையும் ஒரே தகட்டில் கலந்து செய்வதும் உண்டு, பின்னணி அமிலம், முகம் உளி.

மை காகிதத்தின் மேல் மயிரிழை அளவு எழும்பி நிற்கும். கேரளத்து வீடுகளில் தொங்கும் ரவிவர்மா ஓலியோகிராஃப் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அது கல்லச்சு, மை தட்டையாகப் படுத்திருக்கும், தகட்டுப் பள்ளமும் கிடையாது. ஆனால் பள்ளம் இருப்பதை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். ஒளிப்பட முறையில் தகடு செய்து 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட மறுபதிப்புகளிலும் பள்ளம் உண்டு, மையும் எழும்பியிருக்கும். அதற்குக் காகிதம்தான் பதில்.

படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அக்காலக் காகிதத்தில் நெருக்கமான நுண்வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய 20 முதல் 30 மி.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். வரியே இல்லாமல் ஒரே சீராகத் தெரிந்தால் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அப்புறம் வந்த காகிதம், 17ஆம் நூற்றாண்டு என்று எழுத முடியாது. நீர்க்குறி (காகிதத்துக்குள் தெரியும் ஆலை அடையாளம்) கண்ணில் பட்டால் அதைச் சங்கிலிக் கோட்டோடு சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். தனியாக எடுத்தால் அளவு தெரியாது.

பழைய தகட்டிலிருந்து பிற்காலத்தில் அச்சிட்டதும் உண்டு. செப்புத் தகட்டில் நல்ல பிரதி சில நூறு வரும், அதற்குமேல் போகப் போக முகத்து நுண்கோடு வெளிறும், ஆடைக் கருப்பு சாம்பலாகும். உங்கள் படத்தில் சிங்கத்தின் புள்ளி இன்னும் தெரிகிறதென்றால் தேய்மானம் அதிகமில்லை.

நகரி மரச்சட்டம்:

மாட்டுவதற்கு முன் கொஞ்சம் கவனம். ஓணத்துக்கு மாட்டுவதென்றால் கர்க்கடக மழையில் சட்டம் போடுகிற வேலை நடக்கும், அதுதான் காகிதத்துக்கு மோசமான மாதம். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாளில் கண்ணாடிக்குள் அடைத்தால் அந்த ஈரமும் உள்ளேயே அடைபடும், பழுப்புப் புள்ளியும் பூஞ்சையும் தானாக வரும். விட்டு விட்டு வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, படத்தையும் அட்டைகளையும் ஏசி அறையில் இரண்டு நாள் போட்டு வைத்து, 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தபின் சட்டத்துக்குள் போடுங்கள்.

சாதாரணக் கடையில் கொடுத்தால் ஹார்ட்போர்டு மேல் ஃபெவிகாலில் ஒட்டிவிடுவார்கள், பிறகு பிரிக்கவே முடியாது. லாமினேஷன் என்ற பேச்சே கூடாது. பருத்தி நார் ஆசிட் ஃப்ரீ அட்டை, ஒன்றரை மி.மீ. அளவு தடிமனில் இரண்டு: ஒன்று பின்னால், ஒன்று ஜன்னல் வெட்டி முன்னால். ஜன்னலைத் தகட்டுப் பள்ளத்துக்கு வெளியே நாலைந்து மி.மீ. விட்டு வெட்டுங்கள், பள்ளம் தெரிய வேண்டும், அதுதான் பார்க்கிறவர்களுக்குப் பாடம். கீழே வெட்டுப்பட்ட ஓரத்தையும் மறைக்காதீர்கள். படத்தின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பான் காகிதக் கீல், மற்றபடி தொங்க விடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மழையில் காகிதம் விரியும்போது நடுவில் உப்பிக்கொள்ளும்.

பசைக்குக் கோதுமை ஸ்டார்ச். மைதாவில் புரதம் இருக்கும், ராமபாணப் பூச்சி தேடி வரும். பூச்சி வராமல் இருக்கப் பைண்டர்கள் மயில்துத்தம் கலப்பார்கள், அது காகிதத்தை அரித்துப் பழுப்பாக்கும். செலோடேப்பும் வேண்டாம், கறை நிரந்தரம். கண்ணாடி படத்தில் ஒட்டக்கூடாது, ஜன்னல் அட்டையே அந்த இடைவெளியைக் கொடுக்கும். வெளிச்சம் 50 லக்ஸ் போதும். மேற்குச் சுவர் மழைச் சாரலில் ஊறும், அங்கே மாட்ட வேண்டாம். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும்.

கொழிஞ்சை வாசகசாலை:

காகிதத்தில் சங்கிலிக் கோடு இருக்கிறது, 25 மி.மீ. இடைவெளி. நீர்க்குறி தெரியவில்லை. கன்னத்தில் கீறல் தட்டு, புள்ளிக் கட்டம் இல்லை. நட்சத்திரத்துக்குள் புள்ளி இல்லவே இல்லை. அட்டை வாசகம் இப்படி எழுதியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்:

'பெயர் தெரியாத ஐரோப்பியச் சீமாட்டி. செப்புத்தகட்டுப் பொறிப்பு, 17ஆம் நூற்றாண்டு. வயது 43. கருப்பு முக்காடும், கேடயத்தைச் சுற்றிய முடிச்சுக் கயிறும், அணைக்கப்படும் தீவட்டியும் இவர் விதவை என்று காட்டுகின்றன. பாம்பு சுற்றிய கண்ணாடி விவேகத்தைக் குறிக்கிறது: குடும்பத்தையும் சொத்தையும் நடத்தத் தகுதி உடையவர் என்ற அறிவிப்பு. கிரீடத்தின்படி மார்க்கி குடும்பம். அச்சிட்ட மூலப்படத்தைப் பார்த்து எடுத்த நகல் என்பதால் உருவமும் கேடயமும் இடம் வலமாகத் திரும்பியுள்ளன.'

எல்லைக்கல்:

'மார்க்கி குடும்பம்' என்பதை 'மார்க்கி நிலைக் கிரீடம்' என்று மாற்றுங்கள். 'வயது 43' என்பதையும் 'வயது 43 நடக்கும்போது' என்று போட்டுவிடுங்கள். அடியில் கேடயத்தைத் திருத்திப் படித்த வடிவத்தையும் ஒரு வரி சேருங்கள், பச்சையில் மூன்று வெள்ளி நட்சத்திரம், நீலத்தில் பொற்சிங்கம் என்று. குலச்சின்னம் தெரிந்த ஒருவர் என்றாவது வாசகசாலைக்குள் வந்தால் பெயரைச் சொல்ல அவருக்கு அதுதான் வேண்டும்.

மைத்தடம்:

'17ஆம் நூற்றாண்டு' என்பதற்கு முன்னால் 'அநேகமாக' போடுங்கள். வரிக் காகிதத்தை 18ஆம் நூற்றாண்டிலும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள், நகல் எடுத்தவர் எப்போது எடுத்தார் என்பதற்கு இதுவரை ஒரு சாட்சியும் இல்லை. மற்றபடி அட்டையை அச்சுக்குக் கொடுக்கலாம். மலையாளத்தில் பெயர்க்கும்போது 'விவேகம்' அப்படியே இருக்கட்டும்.